மழைக்கு விழும் ட்ரிப் சுவிச், வெயிலுக்குக் கடிக்கும் பிரிட்ஜ், சூடாகும் பிளக் பேஸ்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. கணவர் கட்டாரில், வீட்டில் அவவும் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டிய வீடு, வயரிங்கும் அந்தக் காலத்ததுதான். குசினியில் இரண்டு பிளக் பொயின்ட் வேலை செய்வதில்லை. கேத்தில் போடுகிற மூன்றாவது பொயின்ட் சூடாகி மஞ்சள் பூத்துவிட்டது. ஆடி, ஆவணியில் வெறுங்காலோடு பிரிட்ஜைத் தொட்டால் சுர்ரென்று கரண்ட் அடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் ட்ரிப் சுவிச் விழுந்துகொண்டே இருக்கிறது. பார்க்க வந்த வயரிங்காரர், "ட்ரிப்பை டிரெக்ட் பண்ணிவிட்டு, பொயின்ட் எல்லாத்தையும் புதுசா மாத்துவம்" என்று சொல்லி ஒரு தொகையும் கேட்டிருக்கிறார். செய்யலாமா என்பது கேள்வி.

ட்ரிப்பை டிரெக்ட் பண்ண, அதாவது ட்ரிப் சுவிச்சைத் தாண்டி வயரை நேரே தொடுக்க, விடாதீர்கள் தங்கச்சி. மற்றதெல்லாம் பிறகு. பொயின்ட் எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை; சூடாகிற ஒன்றை மாற்றினால் பெரும்பாலும் போதும். நீங்கள் நான்கு முறைப்பாடு எழுதியிருக்கிறீர்கள். அதில் பிரிட்ஜும் ட்ரிப்பும் இரண்டு கோளாறு அல்ல, பெரும்பாலும் ஒன்றுதான். வெயில் காலத்தில் ஒரு முகத்தையும் மாரியில் இன்னொரு முகத்தையும் காட்டுகிறது. முதலில் அதைச் சொல்கிறேன், ஏனென்றால் ஆளைக் கொல்லக்கூடியது அதுதான்.

நம் நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்த ஏர்த். மின்சார சபை பேஸும் (கரண்ட் வருகிற வயர்) நியூட்ரலும் (அது திரும்பிப் போகிற வயர்) மட்டும்தான் தருகிறது. மூன்றாவது பச்சை வயர், உங்கள் வளவில் எங்கேயோ அடித்து இறக்கிய ஒரு செம்புக் கம்பியோடு மண்ணுக்குள் போகிறது. பிரிட்ஜுக்குள் வயர் தேய்ந்தோ மோட்டரில் ஈரம் பிடித்தோ கரண்ட் பிரிட்ஜின் தகர உடம்புக்குக் கசிந்தால், அது அந்தக் கம்பி வழியாக மண்ணுக்குப் போய்விட வேண்டும். கசிவு அளவுக்கு மீறினால் ட்ரிப் விழ வேண்டும். இதுதான் ஏற்பாடு.

ட்ரிப் சுவிச் செய்வது எளிமையான வேலை. பேஸ் வழியாகப் போன கரண்ட் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வந்ததா என்று பார்க்கும். குறைந்தால், குறைந்தது வேறெங்கோ போகிறது என்று அர்த்தம், சில நேரம் ஒரு பிள்ளையின் உடம்பு வழியாக. 30 மில்லி அம்பியர் என்று எழுதிய ட்ரிப், 15க்கும் 30க்கும் இடையில் எங்கேயாவது விழும். உங்கள் 2000 வாட் கேத்தில் இழுப்பது 8.7 அம்பியர், அதில் ஏறக்குறைய 290இல் ஒரு பங்கு தவறினாலே போதும்.

இப்போது உங்கள் பிரிட்ஜுக்கு வாருங்கள். கடற்கரை மணலில், கச்சான் காற்று இரண்டு மாதம் அடித்த பிறகு, மேல் மூன்றடி மணல் வறுத்த மாதிரிக் காய்ந்திருக்கும். உங்கள் ஏர்த் கம்பி அந்த ஆழத்தோடு நின்றிருந்தால் அது மண்ணைத் தொடுகிறதே தவிர ஈரத்தைத் தொடவில்லை. அதோடு, கம்பியில் வயரைப் பிடிக்கிற கிளாம்ப் உப்புக் காற்றில் பச்சை பூத்து, கறள் பிடித்து, பாதி கழன்று போயிருக்கும். ஏர்த் இருந்தும் இல்லாத நிலை. ஒரு கணக்குப் போடுவோம். பிரிட்ஜின் கசிவுக்கு 5000 ஓம் தடை என்றும், காய்ந்த ஏர்த்துக்கு இன்னொரு 5000 ஓம் என்றும் வையுங்கள். 230 வோல்ட்டுக்கு 23 மில்லி அம்பியர் போகும். ட்ரிப் விழலாம், விழாமலும் இருக்கலாம். ஆனால் பிரிட்ஜின் உடம்பில் 115 வோல்ட் நிற்கும். தொட்டால் கடிக்காமல் என்ன செய்யும்?

மழை பெய்ததும் மணல் நனைகிறது. ஏர்த் தடை 200 ஓமுக்கு இறங்கினால் அதே கசிவு 44 மில்லி அம்பியர் ஆகிவிடும். ட்ரிப் விழுந்தே தீரும். அதாவது மாரியில்தான் உங்கள் வீட்டுப் பாதுகாப்பு ஒழுங்காக வேலை செய்கிறது. அந்தக் காலத்தில் ட்ரிப்பைப் பார்த்து எரிச்சல்பட்டு அதை டிரெக்ட் பண்ணினால், கசிவு அப்படியே இருக்கும், சொல்லித்தர மட்டும் ஆள் இருக்காது.

"ஏர்த் இருக்கே, பிறேக்கர் விழுமே" என்று வயரிங்காரர் சொன்னால் இதைச் சொல்லுங்கள். 20 ஓம் ஏர்த் என்பது மணல் தரையில் நல்ல ஏர்த். முழு 230 வோல்ட்டும் நேரே பிரிட்ஜின் உடம்பில் பட்டால்கூட அந்த ஏர்த் வழியாகப் போவது 11.5 அம்பியர். 16 அம்பியர் பிறேக்கர் அதைக் கோளாறு என்றே எடுக்காது, ஒரு அயனும் ஒரு கேத்திலும் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்கும். நம் வீடுகளில் ஏர்த் கோளாறைப் பிடிப்பது ட்ரிப் மட்டும்தான். பிறேக்கரின் வேலை வேறு: வயர் தாங்காத அளவுக்குக் கரண்ட் போனாலும், பேஸும் நியூட்ரலும் நேரே முட்டினாலும் அது விழும். எது விழுந்தது என்று முதலில் பாருங்கள். பாதிப் பேர் எல்லாவற்றையும் "ட்ரிப் விழுந்திட்டுது" என்றுதான் சொல்கிறார்கள், வந்து பார்த்தால் விழுந்து கிடப்பது பிறேக்கர்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: பிரிட்ஜின் பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றும்போது காலில் றப்பர் செருப்பு இருக்கட்டும், பிரிட்ஜின் உடம்பில் கை படவேண்டாம். பிறகு ட்ரிப் சுவிச்சில் 'டி' என்று எழுதிய சின்ன பட்டனை அழுத்துங்கள். டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் ட்ரிப் செத்துவிட்டது, நாளைக்கே மாற்றுங்கள், அதுவரை மற்ற வேலைகளைத் தள்ளிவையுங்கள். கடற்கரை வீடுகளில் இந்த பட்டனை மாதம் ஒருமுறை அழுத்தாமல் விட்டால் உள்ளே பொறி இறுகிவிடும். ஆனால் பட்டனில் விழுந்தது என்பதற்காக ஏர்த் நல்லது என்று நினைக்கக்கூடாது. பட்டன் ட்ரிப்பைத்தான் சோதிக்கும், மண்ணுக்குள் இருக்கிற கம்பியை அல்ல. இந்த வித்தியாசம் வயரிங் வேலை செய்கிறவர்களிலேயே பலருக்குப் பிடிபடுவதில்லை.

ட்ரிப் விழுகிறபோது கோளாறைத் தேடுகிற முறையை இனிச் சொல்கிறேன். ஸ்குரூ டிரைவர் ஒன்றும் தேவையில்லை, நீங்களே செய்யலாம்.

வீட்டிலுள்ள எல்லாப் பிளக்குகளையும் கழற்றுங்கள். சுவிச்சை அணைத்தால் போதாது, கழற்ற வேண்டும். நம் பிளக் பொயின்ட்டில் இருக்கிற சுவிச், பேஸ் வயரை மட்டும்தான் வெட்டும், நியூட்ரலும் ஏர்த்தும் அப்படியே தொடுத்துக்கொண்டிருக்கும். பழுதான சாமான் ஒன்றுக்குள் நியூட்ரல் உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், சுவிச் அணைந்திருந்தாலும் ட்ரிப் விழும். டி.பி. பெட்டியிலுள்ள (மெயினிலிருந்து லைன்கள் பிரிகிற பெட்டி) பிறேக்கர்களும் அப்படித்தான், பேஸ் வயரை மட்டும் வெட்டுபவை. டி.வி.க்குப் பின்னால் கிடக்கிற மல்டி பிளக், வைஃபை பெட்டி, கட்டிலுக்குக் கீழே போன் சார்ஜர், வெளியே கிணற்று மோட்டர், ஒன்றையும் விடாதீர்கள்.

பிறகு எல்லாப் பிறேக்கரையும் கீழே இறக்கி, ட்ரிப்பை மட்டும் மேலே போடுங்கள். நின்றால், ஒவ்வொரு பிறேக்கராக மேலே தள்ளுங்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் கொஞ்சம் பொறுங்கள். எந்த பிறேக்கருக்கு விழுகிறதோ அந்த லைனில்தான் வியாதி. ஒரு சாமானும் செருகாமலே விழுந்தால், சுவருக்குள் ஈரம், அல்லது வெளி லைட், கேட் பெல், மோட்டர் கொட்டில் மாதிரி நிரந்தரமாகப் பூட்டிய ஏதோ ஒன்று. மழைக்கு மட்டும் விழுகிற வீடுகளில் நான் முதலில் கழற்றிப் பார்ப்பது வெளி லைட்டைத்தான். கண்ணாடிக் கூட்டுக்குள் இரண்டு விரல் தண்ணீர் நிற்கும், கூடவே செத்த ஈசல்.

எல்லா பிறேக்கரும் நின்றால், சாமான்களை ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். கேத்தில், அயன், ரைஸ் குக்கர் மூன்றையும் சூடாகும் வரை ஓட விடுங்கள். சில ஹீட்டர் கம்பிகள் குளிரில் நல்ல பிள்ளை, சூடேறினால்தான் கசியும். ஐஸ் கட்டாத மாடல் பிரிட்ஜுக்குள்ளேயும் ஐஸ் உருக்குகிற ஒரு ஹீட்டர் இருக்கிறது. அது சில மணித்தியாலத்துக்கு ஒருமுறைதான் ஓடும். "ராத்திரி ரெண்டு மணிக்குச் சும்மா விழுது" என்று சொல்கிற வீடுகளில் பல நேரம் அதுதான் ஆள்.

குழப்புகிற கோளாறு ஒன்று உண்டு. எங்கேயோ ஒரு பொயின்ட்டுக்குள் நியூட்ரல் வயரும் ஏர்த் வயரும் ஒன்றையொன்று தொட்டிருக்கும். சும்மா இருக்கும்போது ட்ரிப் நிற்கும். அறையில் அயனைப் போட்டதும் விழும். எல்லாரும் அயனைக் குற்றவாளியாக்கிப் புது அயன் வாங்குவார்கள். புது அயனுக்கும் விழும். நடப்பது என்னவென்றால், பெரிய சாமான் ஒன்று ஓடும்போது திரும்பி வருகிற கரண்டில் ஒரு பங்கு அந்தத் தொடுகை வழியாக ஏர்த்துக்குப் போய்விடுகிறது, ட்ரிப்புக்குக் கணக்குக் குறைகிறது. எந்தப் பெரிய சாமானைப் போட்டாலும், எந்த அறையில் போட்டாலும் விழுகிறது என்றால் சாமானை விட்டுவிட்டு நியூட்ரலையும் ஏர்த்தையும் பாருங்கள். பிறேக்கரை இறக்கி இதைக் கண்டுபிடிக்க முடியாது. டி.பி.யில் நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மெகர் (வயருக்கு வயர் கசிவு இருக்கிறதா என்று அளக்கிற கருவி) வைத்துச் சோதிக்க வேண்டும். இது வயரிங்காரர் வேலை. மெகர் இல்லாமல் வருகிறவருக்கு இந்தக் கோளாறு அகப்படாது, அதனால்தான் டிரெக்ட் பண்ணச் சொல்கிறார்கள்.

சில வீடுகளில் தனிக் குற்றவாளி என்று ஒருவரும் இல்லை. கொம்பியூட்டர், எல்.ஈ.டி. லைட்டுகள், இன்வேர்ட்டர் ஏ.சி., வொஷிங் மெஷின் ஒவ்வொன்றும் பழுதில்லாமலே கொஞ்சம் கொஞ்சம் ஏர்த்துக்கு விடும், எல்லாம் சேர்ந்து எல்லையைத் தொடும். அதற்கு மருந்து ட்ரிப்பைக் கழற்றுவதல்ல, லைன்களைப் பிரித்து இரண்டு ட்ரிப் போடுவது.

ஏர்த்தைச் சரிசெய்வது பெரிய செலவில்லை. கம்பி எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடியுங்கள். டைல்ஸ் போடும்போது மேலே சீமெந்து பூசி மறைத்திருப்பார்கள். கிளாம்பைக் கழற்றி, வயரின் நுனியை வெட்டி, பளபளப்பான செம்பு வெளியே வந்த பிறகு புதுப் பித்தளைக் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் மணல் என்பதால் கம்பி வெண்ணெயில் போகிற மாதிரி இறங்கும். அதுவே சோம்பலுக்கும் காரணம், நான்கடியோடு நிறுத்திவிடுகிறார்கள். நிலத்தடி ஈரத்தைத் தொடும்வரை, தேவைப்பட்டால் இரண்டு கம்பியை ஒன்றன்மேல் ஒன்று பூட்டி இறக்கச் சொல்லுங்கள். உவர்மலைப் பக்கம் நேர்மாறு, பாறை தட்டும். அங்கே தள்ளித்தள்ளி இரண்டு மூன்று கம்பி அடித்து ஒன்றாகத் தொடுக்க வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் ஏர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 200 ஓமைத் தாண்டினால் கோடையில் நம்ப முடியாது. மாரியில் அளந்த நல்ல கணக்கை வைத்து நிம்மதியடைய வேண்டாம், பங்குனிக்குப் பிறகு ஒருமுறை அளந்தால்தான் உண்மை தெரியும்.

ஏர்த் சரியான பிறகு பிரிட்ஜைச் செருகுங்கள். ட்ரிப் விழுந்தால் பிரிட்ஜை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். விழாமல் நின்று, கடியும் இல்லை என்றால் கசிவு சின்னதுதான். இன்னொரு விஷயம்: லேப்டாப்பின் அலுமினிய உடம்பைத் தடவும்போது ஒரு மாதிரி நுணுக்கமாக அதிருவது போலிருப்பது வேறு கதை. ஏர்த் முனை இல்லாத சார்ஜரில் வடிகட்டிக் கப்பாசிற்றர் வழியாக மிகச் சிறிய கரண்ட் வருகிறது, ஆளுக்கு ஆபத்தில்லை. பிரிட்ஜில் வந்ததை அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம்.

இனி அந்த மஞ்சள் பூத்த பொயின்ட். அதை இன்றைக்கே பாவிப்பதை நிறுத்துங்கள். ஒரு துண்டு பிளாஸ்டர் எடுத்துத் துளைகளை மூடி ஒட்டிவிடுங்கள், மாமி தெரியாமல் செருகிவிடுவா.

பொயின்ட் சூடாவது கரண்ட் கூடியதால் அல்ல, தொடுகை தளர்ந்ததால். தளர்ந்த இடத்தில் 0.2 ஓம் தடை இருந்தால் போதும்: கேத்திலின் 8.7 அம்பியர் அதன் வழியாகப் போகும்போது 15 வாட் சூடு அந்த ஒரு ஸ்குரூத் தலையில் பிறக்கிறது. ரேடியோ திருத்துகிறவர் வைத்திருக்கிற சோல்டரிங் அயன் 25 வாட். பாதிக்கு மேல் அளவுள்ள ஒன்றைச் சுவருக்குள், பிளாஸ்டிக்குக்கு நடுவில், தண்ணீர் கொதிக்கிறவரை வைத்திருக்கிறீர்கள். இதற்குப் பிறேக்கரும் விழாது, ட்ரிப்பும் விழாது. இரண்டுக்கும் இது கணக்கில் சரியான கரண்ட். மூக்குத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சூடேறிய பிளக் பேஸ் பிளாஸ்டிக் மீன் கருகின மாதிரி மணக்கும். திருகோணமலையில், அதுவும் குசினியில், அந்த மணத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

தளர்வதற்கு இங்கே இரண்டு காரணம். ஒன்று உப்பு. மற்றது நம் பழக்கம். இரண்டு உருண்டை முனைச் சார்ஜரை 13 அம்பியர் சதுரத் துளைப் பேஸில் போடுவதற்கு, மேல் துளையில் பேனா முனையைக் குத்தி உள்ளே இருக்கிற மூடியைத் திறக்கிறோமே, அதைச் சொல்கிறேன். சதுர முனைக்கென்று செய்த பித்தளை நாக்குகளுக்கு நடுவே உருண்டை முனையை நெருக்கினால் அவை அகன்றுவிடும். பிறகு சரியான பிளக்கைப் போட்டாலும் பிடி இருக்காது, கையால் லேசாகத் தட்டினால் கழன்று விழும். அந்தப் பேஸில் போன் சார்ஜ் பண்ணலாம், கேத்தில் போட்டால் எரியும். மூடியைப் பேனாவால் திறந்து பழகிய வீட்டில் சின்னப் பிள்ளையும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும் என்பதையும் நினையுங்கள்.

மாற்றும்போது நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். மெயின் சுவிச்சை இறக்க வேண்டும். பிறேக்கரை மட்டும் இறக்கினால் நியூட்ரல் தொடர்ந்து இருக்கும் என்று முன்பே சொன்னேன். கரண்ட் இருந்தால் எரிகிற டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள ஓரிடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான், செத்த இடத்தில் வைக்க வேண்டும். எரியாத டெஸ்டர் பழுதான டெஸ்டராகவும் இருக்கலாம், பிளாஸ்டிக் கதிரையில் ஏறி நின்று பிடித்தால் நல்ல டெஸ்டரும் மங்கித் தெரியாமல் போகும்.

பிளக் பேஸை முன்னுக்கு இழுத்தால் மூன்று சோடி வயர் தெரியும். பழைய வீடென்றால் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை ஏர்த். புதிதென்றால் மண்ணிறம், நீலம், பச்சையில் மஞ்சள் கோடு. சூடான பக்கத்து வயரின் உறை இறுகி, விரலால் மடித்தால் பொரியாக உதிரும். அந்தத் துண்டை அப்படியே புதுப் பேஸுக்குள் பூட்டினால் ஒரு வருடத்தில் திரும்ப அதே கதை. உறை மென்மையாக இருக்கிற இடம் வரை, செம்பு பளிச்சென்று தெரிகிற இடம் வரை வெட்டி எடுக்க வேண்டும். செம்பு உள்ளுக்கும் கறுத்துப் பச்சையாக இருந்தால் அந்த நீளத்தையே மாற்றவேண்டும். வயர் கட்டையாகிவிட்டது என்று முறுக்கி டேப் சுற்றுவதை ஏற்காதீர்கள், சரியான கனெக்டர் போட்டு நீட்டட்டும். ஸ்குரூவை இறுக்கியபின் ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக இழுத்துப் பார்ப்பவர் வேலை தெரிந்தவர்.

செத்த இரண்டு பொயின்ட்டுக்கும் நீண்ட கதை இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஒன்றாகச் செத்தால் இரண்டும் பழுதாவது அரிது. பொயின்ட்டுகள் சங்கிலியாக ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகின்றன. சங்கிலி அறுந்தது பெரும்பாலும் கடைசியாக உயிரோடு இருக்கிற பொயின்ட்டின் பின்பக்கத்தில். உங்கள் வீட்டில் அது எது? அந்த மஞ்சள் பூத்த கேத்தில் பொயின்ட்தான் என்று பந்தயம் கட்டுவேன். அதில் கருகி விட்டுப்போன வயர்தான் அடுத்த இரண்டுக்கும் போனதாக இருக்கும். அதைச் சரியாகப் பூட்டினால் மற்ற இரண்டும் தானாக எழுந்துவிடும். அவற்றுக்காகப் புதுப் பேஸ் வாங்குவது வீண் காசு. அதற்கு முன் ஒரு சின்ன விஷயம்: சதுரமுனைப் பிளக்குக்குள் ஒரு பியூஸ் இருக்கிறது. ஒரே சாமானை வைத்து எல்லாப் பொயின்ட்டையும் செத்ததென்று சொல்லிவிடாதீர்கள், வேறொன்றையும் செருகிப் பாருங்கள்.

டெஸ்டர் பேஸ் துளையிலும் எரிகிறது, நியூட்ரல் துளையிலும் எரிகிறது, சாமான் மட்டும் ஓடவில்லை என்றால் நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது. அதைப் பார்த்து "ரெண்டிலும் கரண்ட் வருது, டபுள் கரண்ட்" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. செருகியிருக்கிற ஏதோ ஒரு சாமான் வழியாகச் சுற்றி வந்து பேஸ்தான் அந்தப் பக்கமும் நிற்கிறது. ஆனால் கை வைத்தால் இரண்டு துளையும் ஒரே மாதிரி அடிக்கும்.

வோல்ட் மீட்டர் வைத்திருக்கிறவருக்கு மூன்று கணக்கு: பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230 வோல்ட், 6 சதவீதம் கூடக் குறைய வரலாம், பேஸுக்கும் ஏர்த்துக்கும் இடையில் ஏறக்குறைய அதே, நியூட்ரலுக்கும் ஏர்த்துக்கும் இடையில் ஒன்றிரண்டு வோல்ட். பேஸ் ஏர்த் 80, 110 என்று அலைந்தால் அந்தப் பொயின்ட்டில் ஏர்த் விட்டுப்போயிருக்கிறது.

சுவிச் போட்டும் சில நேரம் வேலை செய்யாமல், இரண்டு தரம் தட்டினால் வேலை செய்தால், உள்ளே எறும்பு. இங்கே சின்னக் கறுத்த எறும்புக்குச் சுவிச்சின் தொடுகை மேல் என்ன காதலோ தெரியாது. பல்லி முட்டையும் கண்டிருக்கிறேன். சுத்தம் பண்ணி மிச்சம் பிடிக்காமல் அந்தச் சுவிச்சை மாற்றிவிடுங்கள்.

வாங்குகிறபோது 13 அம்பியர் சதுரத் துளைப் பேஸாகவே வாங்குங்கள். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அதைத்தான் நாட்டின் ஒரே தரமாக்கியிருக்கிறது. பழைய 5, 15 அம்பியர் உருண்டைத் துளைகளைப் புதுச் சுவரில் வைக்காதீர்கள். எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரை இருக்க வேண்டும். பேஸைக் கையில் எடுத்தால் பாரம் தெரிய வேண்டும். பாரம் என்பது பித்தளை. எந்த முனையையும் விழுங்குகிற மல்டி பிளக்கைக் குசினிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். பிளக் பொயின்ட்டுக்கு வயர் 7/0.67 (0.67 மில்லிமீற்றர் இழை ஏழு), அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர். லைட்டுக்கு இழுத்த 1/1.13 ஒற்றைக் கம்பி வயரிலிருந்து கிளை எடுத்துப் பொயின்ட் வைப்பது மலிவு வேலை. போன் சார்ஜருக்குத் தாங்கும், அயனுக்குத் தாங்காது. உங்கள் செத்த பொயின்ட்டுகள் அப்படி வைத்தவையா என்று திறந்த உடனே பார்த்துவிடலாம், வயர் ஒற்றைக் கம்பியாகத் தெரியும், ஏழு இழையாக அல்ல.

மின்சார சபையைக் கூப்பிட வேண்டிய கட்டம் தனி. வீட்டில் ஒரு லைட் பிரகாசமாகி இன்னொன்று மங்கினாலோ, மின்விசிறி திடீரென்று வேகம் பிடித்தாலோ, பக்கத்து வீட்டிலும் அப்படி என்றாலோ, றோட்டு லைனில் நியூட்ரல் விட்டிருக்கலாம். 230க்குப் பதிலாக அதைவிட வெகுவாகக் கூடி வந்து டி.வி., பிரிட்ஜ் எல்லாவற்றையும் எரித்துவிடும். ஏன் என்று யோசித்துக்கொண்டு நிற்காமல் மெயினை இறக்கிவிட்டு 1987க்கு எடுங்கள். தூணிலிருந்து மீட்டர் வரை அவர்கள் பொறுப்பு, சேர்விஸ் வயரில் நெருப்புப் பொறி தெரிந்தாலும் அவர்கள்தான். வீட்டுக்குள் வெள்ளம் ஏறினால் தண்ணீர் பிளக் பேஸைத் தொடுமுன் மெயினை இறக்க வேண்டும். தொட்டுவிட்டால் தண்ணீரில் இறங்கி மெயினிடம் போகாதீர்கள். வெள்ளம் வடிந்த பிறகு, நனைந்த பேஸ்களைக் காயவைத்துத் திரும்பப் பூட்டாமல் மாற்றுங்கள். சேறு உள்ளே தங்கிவிடும்.

யாரையாவது கரண்ட் பிடித்துவிட்டால் கையால் இழுக்க வேண்டாம், மெயினை இறக்குங்கள். பிறகு 1990க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஆள் எழுந்து நடந்தாலும் ஆஸ்பத்திரியில் ஒருதரம் காட்டுங்கள், நெஞ்சுத் துடிப்பு பிறகும் குழம்பலாம். பிள்ளைகளுக்கு மெயின் சுவிச் எங்கே இருக்கிறது, எப்படி இறக்குவது என்று இந்த வாரமே காட்டிக்கொடுங்கள். மாமிக்கும்தான்.

வயரிங்காரரை மாற்றவேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அதே ஆளைக் கூப்பிட்டு, "டிரெக்ட் வேண்டாம் அண்ணன், ஏர்த்தை அளந்து சொல்லுங்கோ, நியூட்ரலையும் ஏர்த்தையும் மெகர் வைத்துப் பாருங்கோ, கேத்தில் பொயின்ட்டை மட்டும் முதலில் திறவுங்கோ" என்று சொல்லிப் பாருங்கள். சரி என்று கருவியோடு வந்தால் அவரே செய்யட்டும். "அதெல்லாம் தேவையில்லை" என்றால், என்.வி.கியூ. தொழில்தகைமைச் சான்றிதழும் ஏர்த் டெஸ்டரும் வைத்திருக்கிற வேறொருவரைப் பாருங்கள். வேலை முடிந்ததும் ஏர்த் எத்தனை ஓம், ட்ரிப் எத்தனை மில்லி அம்பியரில் விழுந்தது என்று திகதியோடு எழுதி வாங்கி, டி.பி. பெட்டியின் மூடிக்கு உட்பக்கம் ஒட்டிவையுங்கள். அடுத்த ஆடியில் பிரிட்ஜ் திரும்பக் கடித்தால் அந்தத் துண்டைப் பார்த்தே எங்கே தொடங்குவது என்று சொல்லிவிடலாம்.